ஐப்பசி வந்தால் படுத்துக்கொள்ளும் ஆம்ப்ளிஃபையர்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

எங்கள் குன்னூர்ப் பக்கம் ஐப்பசி பிறந்தால் இரண்டு காரியம் தவறாமல் நடக்கும். மேட்டுப்பாளையம் சாலையில் எங்காவது மண் சரியும். டீ ஃபாக்டரியில் டீ மேக்கராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், தன் ஆம்ப்ளிஃபையரைக் கம்பளியில் சுற்றிக்கொண்டு என் வீட்டுப் படியேறுவார்.

"தம்பி, மறுபடியும் லெஃப்ட் சைடு போச்சு."

"போன வருஷமும் லெஃப்ட்தானே ஐயா?"

"அதுக்கு முந்தின வருஷமும் அதேதான். கீழே கொண்டுபோய்க் குடுத்தேன், டிரான்சிஸ்டர் ரெண்டும் புதுசு போட்டாங்க. இந்த மலைக் காத்து அதுக்கு ஒத்துக்கல போல."

எண்பதுகளின் தொடக்கத்தில் வாங்கிய ஸ்டீரியோ செட் அது. பெரியவர் சொன்னது பாதி உண்மை. மலைக் காற்றுக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் அது டிரான்சிஸ்டரைத் தொடவே இல்லை. வேறொன்றைத் தொட்டது, அந்த வேறொன்று டிரான்சிஸ்டரைக் கொன்றது. செத்த பாகத்தை மாற்றிவிட்டுக் கொன்ற பாகத்தை உள்ளேயே விட்டு மூடினால் அடுத்த ஐப்பசிக்கும் அதே கதைதான். கீழே எந்த அறிகுறியைப் பற்றிப் பேசினாலும் இந்தக் கேள்வியைத்தான் கேட்கப்போகிறேன்: போனது எது, போகவைத்தது எது?

சமவெளிக்கும் மலைக்கும் உள்ள ஒரு வித்தியாசத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமவெளியில் பழைய ஆம்ப்ளிஃபையரின் முதல் எதிரி வெயில். மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும், உள்ளே ஈரப்பசை கொண்ட எலக்ட்ரோலிடிக் கண்டென்சரின் ஆயுள் வெப்பம் 10 டிகிரி கூடினால் ஏறக்குறைய பாதியாகும், 10 டிகிரி குறைந்தால் இரட்டிப்பாகும். அதனால் சென்னையில் காய்ந்து போயிருக்கவேண்டிய கண்டென்சர் குன்னூரில் இன்னும் உயிரோடு இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். இங்கே கெடுவது, உலோகமும் உலோகமும் தொட்டுக்கொள்ளும் இடங்கள்: சுவிட்ச், ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்), பிரிசெட் (உள்ளே அளவைத் திருத்தி வைக்கும் சின்னத் திருகு), சாக்கெட், பியூஸ் பிடிப்பான். எனவே இணையத்தில் படித்துவிட்டு முதல் வேலையாக எல்லாக் கண்டென்சரையும் பிடுங்கிப் போடாதீர்கள். முதலில் தொடுமுனைகளைப் பாருங்கள்.

மூடியைத் திறக்கும் முன்

பிளக்கைச் சுவரிலிருந்து உருவுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பெரிய ஃபில்டர் கண்டென்சர் இரண்டும் நெடுநேரம் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். பிளஸ் 42, மைனஸ் 42 வோல்ட் என்றால் இரண்டுக்கும் இடையே 84 வோல்ட். 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை இடுக்கியில் பிடித்து ஒவ்வொரு கண்டென்சரின் இரு கால்களுக்கும் இடையே அரை நிமிடம் வைத்து வடியுங்கள், பிறகு மீட்டரில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்க்ரூடிரைவரால் 'டமார்' என்று ஷார்ட் செய்வது வித்தை காட்டத்தான் உதவும். வால்வு செட் வைத்திருப்பவர்கள் இதோடு நின்றுவிடலாம். அதில் ஓடுவது 300, 400 வோல்ட், அதற்குத் தனிப் பழக்கம் வேண்டும்.

சீரிஸ் லேம்ப் ஒன்று செய்துகொள்ளுங்கள். ஒரு பலகையில் பல்பு ஹோல்டரும் பிளக் சாக்கெட்டும் வரிசையில் இணைத்தால் முடிந்தது. பல்பு 60 அல்லது 100 வாட் பழைய குண்டு பல்பாக இருக்கவேண்டும், எல்ஈடி உதவாது. இப்போது குண்டு பல்பு கிடைப்பது கஷ்டம்தான். கோழிக்குஞ்சுக்கு வெப்பம் கொடுக்க வாங்குவார்கள், அந்த மாதிரிக் கடையில் கேளுங்கள். ஸ்பீக்கர் இல்லாமல் செட்டை இதன் வழியாகப் போட்டால், பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து மங்கவேண்டும். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். பல்பு எரிகிறது, உங்கள் டிரான்சிஸ்டர் எரியவில்லை. இந்தப் பலகை செலவழித்த காசைவிட நூறு மடங்கு எனக்கு மிச்சப்படுத்தியிருக்கிறது.

அப்புறம் ஒரு காகிதம். கோளாறு எப்போது வருகிறது, போட்ட உடனேவா, அரை மணி கழித்தா, மழை நாளிலா, எந்தப் பக்கம், எந்த இன்புட்டில் என்று எழுதுங்கள். "சரியா பாடலை" என்று மட்டும் சொல்பவருக்கு வைத்தியம் பார்ப்பது கடினம்.

வால்யூமைத் திருகினால் கரகர

பழைய செட் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த நோய். உள்ளே இருக்கும் கார்பன் பாதையில் தூசியும் ஈரமும் படிந்து, அதன்மேல் ஓடும் முள் சரியாகத் தொடாமல் போவதுதான் காரணம். கன்ட்ரோலின் பின்பக்கம், கால்கள் இருக்கும் இடத்துச் சந்து வழியாக கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சமாக அடித்து, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நாற்பது தடவையாவது திருப்புங்கள். ஒரு மணி நேரம் காயவிட்டுப் பிறகு கரண்ட் கொடுங்கள். மொபைல் கடைகளில் கிடைக்கும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் அழுக்கைக் கரைக்கும், ஆனால் உள்ளிருக்கும் மசகையும் சேர்த்துக் கரைத்துவிடும். பிறகு திருகும்போது வறட்சியாக இருக்கும். லேசாக மசகு விட்டுப்போகும் கிளீனரே இதற்கு நல்லது. தையல் மெஷின் எண்ணெய் விட்ட கன்ட்ரோல்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டு நாள் நன்றாக இருக்கும், மூன்றாம் மாதம் தூசியை எல்லாம் பிடித்துக் களிம்பாக நிற்கும்.

சுத்தம் செய்து ஒரே மாதத்தில் கரகரப்பு திரும்பினால், குற்றவாளி வால்யூம் கன்ட்ரோல் இல்லை. மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து, கன்ட்ரோலின் இரு ஓரக் கால்களுக்கும் இடையே அளந்து பாருங்கள். அங்கே டிசி இருக்கவே கூடாது. சில மில்லிவோல்ட்டுக்கு மேல் காட்டினால், அதற்கு முன்னால் உள்ள, பாட்டை விட்டு டிசியை (ஒரே திசையில் ஓடும் மின்சாரத்தை) மறிக்கும் கப்ளிங் கண்டென்சர் கசிகிறது என்று அர்த்தம். 1 முதல் 10 மைக்ரோஃபாரட் வரை இருக்கும் சின்ன உருப்படி அது. அதன் வழியே நழுவி வரும் டிசி, முள் நகரும் ஒவ்வொரு முறையும் 'கரக்' என்று கேட்கும். கன்ட்ரோலுக்குப் பின்னால் வரும் கண்டென்சர் கசிந்தாலும் இதே சத்தம்தான். பத்து ரூபாய்க்கும் குறைந்த பாகத்தை விட்டுவிட்டு, கிடைக்காத வால்யூம் கன்ட்ரோலைத் தேடி சென்னை ரிச்சி தெரு வரைக்கும் போனவர்கள் உண்டு. சத்தியமாக, அதில் நானும் ஒருவன்.

ஒரு பக்கம் போய்ப் போய் வருகிறது

சத்தம் குறைவாக வைத்தால் இடது பக்கம் இல்லை, ஒரு தடவை வேகமாகத் திருப்பினால் 'டப்' என்று வந்துவிடுகிறது. மலையில் என் மேசைக்கு அதிகம் வருவது இந்தக் கோளாறுதான்.

முதலில் இடத்தைக் கண்டுபிடியுங்கள். செட்டை அணைத்துவிட்டு இன்புட் வயர் இரண்டையும் இடம் மாற்றிக் குத்துங்கள். கோளாறு வலது பக்கம் தாவினால் அது வெளியே இருக்கிறது: வயர், பிளேயர், பிளக். தாவாவிட்டால் ஆம்ப்ளிஃபையருக்குள். அடுத்து ஸ்பீக்கர் வயரை இடம் மாற்றினால் ஸ்பீக்கரா இல்லையா என்று தெரிந்துவிடும். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்யாமல் மூடியைத் திறப்பவர்கள்தான் அதிகம்.

உள்ளேதான் என்றால் சந்தேக வரிசை இது. கேசட் டெக்கில் ஓடுவதைக் கேட்க அழுத்தும் டேப் மானிட்டர் சுவிட்ச் முதலாவது. கேசட் டெக்கைத் தூக்கிப்போட்டு இருபது வருடம் ஆகியிருக்கும், அந்த பட்டனை யாரும் தொடவே மாட்டார்கள். ஆனால் எல்லா ஒலியும் அதன் வழியாகத்தான் போகும். வெள்ளி பூசிய தொடுமுனை ஈரத்திலும் புகையிலும் கறுத்துவிடும். இருபது முறை அழுத்தி விடுங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே வேலை முடிந்துவிடும். செட்டின் பின்னால் 'ப்ரீ அவுட்', 'மெயின் இன்' என்று எழுதி, இரண்டையும் சேர்க்கும் சின்ன உலோக வளைவு இருந்தால் அதைக் கழற்றித் துடைத்துப் போடுங்கள். பிறகு செலக்டர், ஸ்பீக்கர் ஏ-பி சுவிட்ச்.

கடைசியாக ரிலே. செட் போட்டுச் சில நொடி கழித்து 'டிக்' என்று பிடிக்குமே, அதுதான். பாட்டு மெதுவாக ஓடும்போது, மேலேயுள்ள பிளாஸ்டிக் கூட்டை ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் லேசாகத் தட்டுங்கள். சத்தம் வந்து போனால் ரிலே முனை கறுத்திருக்கிறது. குறைந்த ஒலிக்கு வரும் சின்ன மின்னோட்டத்தால் அந்தக் கறுப்பைத் துளைக்க முடியாது, கூடுதல் ஒலியில் துளைத்துவிடும். அதனால்தான் வேகமாகத் திருப்பினால் 'சரியாகி' விடுகிறது. கரண்ட்டை எடுத்து, கூட்டைக் கழற்றி, ஆல்கஹாலில் நனைத்த தடித்த காகிதத் துண்டை முனைகளுக்கு நடுவில் வைத்து, விரலால் மெல்ல அழுத்திக்கொண்டு இழுங்கள். காகிதம் கருப்பாக வருவது நிற்கும்வரை. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், பூச்சு போய்விட்டால் அடுத்த மழைக்குள் பழைய நிலைதான். முனை குழிந்து போயிருந்தால் அதே காயில் வோல்ட்டேஜ், அதே கால் அமைப்பில் புது ரிலே போடுங்கள். பலவற்றில் 24 வோல்ட் இருக்கும். குழி எப்படி விழுந்தது என்றும் யோசியுங்கள். ஸ்பீக்கர் வயர் ஷார்ட் ஆனதா, அவுட்புட்டில் டிசி வந்து ரிலே அதை வெட்டியதா?

உம்ம் என்று ஒரு ஹம்

ஹம் இரண்டு வகை, காது வைத்துக் கேட்டால் பிரித்துவிடலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆழமான, வழவழப்பான 'உம்ம்' என்றால் 50. எர்த், வயர், ஷீல்டு பக்கம் தேடுங்கள். கொஞ்சம் முரட்டுத்தனமாக, வண்டு பறப்பது போல் இருந்தால் 100 ஹெர்ட்ஸ். ஏசியை டிசியாக்கும் முழு அலை ரெக்டிஃபையரைத் தாண்டியபின் வருவது 100 என்பதால் ஃபில்டர் கண்டென்சரைச் சந்தேகிக்கலாம். வால்யூமை முழுக்கக் குறைத்தும் ஹம் அப்படியே இருந்தால் அது பவர் பகுதியில், வால்யூமோடு ஏறி இறங்கினால் முன்பகுதியில்.

எல்லா இன்புட் வயரையும் உருவிப் பாருங்கள். ஹம் போய்விட்டால் செட்டில் ஒன்றும் இல்லை. கேபிள் டிவி பெட்டியோ கம்ப்யூட்டரோ இன்னொரு வழியாக எர்த்தைக் கொண்டுவந்து வளையமாக்கியிருக்கும். அதற்காகப் பிளக்கின் எர்த் காலை வெட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஈரத் தரையும் ஈரக் கையுமாக இருக்கும் ஊர் இது. எல்லாவற்றையும் ஒரே சுவர் சாக்கெட்டிலிருந்து எடுத்தாலே வளையம் பெரும்பாலும் சுருங்கிவிடும்.

இங்கே பழைய பங்களாக்களில் வேறொரு சங்கதி உண்டு. உருண்டைக் கால் இரண்டு மட்டும் உள்ள சாக்கெட்டுகள், எர்த்தே கிடையாது. செட்டின் உடலைத் தொட்டால் சுருக்கென்று இருக்கும், ஹம்மும் கூடவே வரும். எர்த் குழி இருக்கும் வீட்டிலும் கரியும் உப்பும் போட்ட குழி பிப்ரவரி, மார்ச்சில் காய்ந்து கிடக்கும். இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றியதும் ஹம் குறைந்த வீடு ஒன்று எனக்குத் தெரியும். ஆம்ப்ளிஃபையரைத் தொடவே இல்லை!

ஃபில்டர் கண்டென்சரை மாற்ற நேர்ந்தால் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். வோல்ட்டேஜ் அளவு பழையதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கட்டும். ஏன் என்று ஒரு கணக்குப் பாருங்கள். 220 வோல்ட்டுக்குச் செய்த டிரான்ஸ்ஃபார்மருக்கு நடு இரவில் 250 வந்தால் எல்லாமே 13 சதவீதத்துக்கு மேல் ஏறும். 42 வோல்ட் ஓடிய இடத்தில் 47க்கு மேல். அங்கே 50 வோல்ட் கண்டென்சர் இருந்தால் மூச்சுத் திணறிக்கொண்டுதான் இருக்கும், 63 போடலாம். பின்பக்கம் 220-240 என்று மாற்றும் வசதி இருந்தால் 240இல் வைப்பது நல்லது. மைக்ரோஃபாரட் அளவை மட்டும் ஆசைப்பட்டு மூன்று மடங்காக்காதீர்கள்; சுவிட்ச் போட்டதும் இழுக்கும் மின்னோட்டம் ரெக்டிஃபையரையும் பியூஸையும் அடிக்கும்.

டிரான்சிஸ்டர் போகிறது, மாற்றினால் மறுபடி போகிறது

பெரியவர் செட்டின் கதை இதுதான்.

அவுட்புட் டிரான்சிஸ்டர் தானாகச் சாவது அரிது. அதற்கு எவ்வளவு மின்னோட்டம் சும்மா ஓடவேண்டும் என்று நிர்ணயிப்பது பயாஸ் சுற்று. அதன் நடுவே மிளகு அளவில் ஒரு பிரிசெட் இருக்கும், திறந்த தகடும் ஒரு முள்ளும் மட்டும். மழைக்கால ஈரத்தில் அந்த முள் கறுத்துத் தொடர்பு விட்டால், பல வடிவமைப்புகளில் பயாஸ் உச்சத்துக்கு ஏறிவிடும். டிரான்சிஸ்டர் பாட்டே இல்லாமல் கொதிக்கும். கொஞ்ச நேரத்தில் ஷார்ட். பியூஸ் போகும். கடைக்காரர் புது ஜோடி போடுவார்; பற்றவைக்கும் அதிர்ச்சியிலும் பலகையைப் புரட்டுவதிலும் பிரிசெட் மறுபடி தொட்டுக்கொள்ளும்; செட் பாடும். அடுத்த ஐப்பசியில் அதே முள் மறுபடி விடும். நான் அந்த ஜோடியைக் கழற்றியபின் பிரிசெட்டின் முள்ளுக்கும் ஓரக் காலுக்கும் இடையே மீட்டர் வைத்துத் திருகினேன். எண் குதித்துக் குதித்து, இரண்டு இடத்தில் ஒன்றுமே காட்டவில்லை. இரண்டு பக்கத்துக்கும் மூடிய வகை, பல சுற்றுப் பிரிசெட் வாங்கிப் போட்டேன். டிரான்சிஸ்டரின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

பயாஸுக்கு டயோடு வைத்த செட்டுகளில் அந்த டயோடு திறந்துகொண்டாலும் இதே விளைவுதான். எனவே அவுட்புட் போன செட்டில் தனியாக இரண்டை மட்டும் மாற்றாதீர்கள். அவற்றை ஓட்டும் டிரைவர் ஜோடி, பயாஸ் டிரான்சிஸ்டர் அல்லது டயோடு, டிரான்சிஸ்டரின் எமிட்டர் காலில் உள்ள 0.22 அல்லது 0.33 ஓம் வெள்ளைச் செங்கல் ரெசிஸ்டர், பேஸ் காலில் உள்ள சின்ன ரெசிஸ்டர்கள் என்று முழுச் சங்கிலியையும் அளந்து பாருங்கள். ஒன்று கெட்டால் பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டுதான் போகும். நல்லவேளையாக எதிர்ப் பக்கத்து சேனல் ஓடிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு புள்ளியாக அதனுடன் ஒப்பிடலாம். சர்க்யூட் படம் இல்லாதவருக்கு அதுவே படம்.

அவுட்புட்டில் தொங்கும் 10 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் சேர்ந்த ஜோடியைக் கவனியுங்கள். அந்த ரெசிஸ்டர் கருகியிருந்தால், காதுக்குக் கேட்காத உயர் அலைவரிசையில் செட் ஆடியிருக்கிறது. இதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. அந்தக் காலத்து 2என்3055 என்ற அவுட்புட் டிரான்சிஸ்டர் மெதுவான பிறவி. அதே எண் போட்டு இன்று வருவது வேறு தயாரிப்பு முறையில் வந்தது, வேகம் அதிகம். பழைய சுற்றில் புதியதைப் போட்டால் சிலவேளை ஆடத் தொடங்கிவிடும். போலியும் ஏராளம். எண் அழகாக அச்சடித்திருக்கும், உள்ளே கடுகளவு சிலிக்கான். ஜோடி விலை நம்ப முடியாத அளவு மலிவாக இருந்தால் நம்பாதீர்கள். செத்துப்போன ஒன்றின் மூடியை ரம்பத்தால் அறுத்துப் பாருங்கள், அசலுக்கும் போலிக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

புதியதைப் பொருத்தும்போது, சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் தகடான ஹீட்சிங்கில் சுண்ணாம்பாகக் காய்ந்து கிடக்கும் பழைய பேஸ்டைச் சுரண்டித் துடைத்து, மைக்கா தகட்டின் இருபுறமும் மெல்லிய படலமாகப் புதிது தடவுங்கள். தோசைக்கு நெய் தடவுவது போல இருக்கட்டும், இட்லிக்குச் சட்னி வைப்பது போல வேண்டாம். திருகிய பிறகு டிரான்சிஸ்டர் உடலுக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே மீட்டர் முடிவிலி காட்டவேண்டும்.

பிறகு சீரிஸ் லேம்பில் போட்டுப் பார்த்து, எல்லாம் சரி என்றால் லேம்பை எடுத்துவிட்டு, பிரிசெட்டைக் குறைந்த பயாஸ் பக்கம் வைத்துத் தொடங்குங்கள். எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனையில் அளவு எடுப்பது வழக்கம். 0.33 ஓமில் 30 மில்லிஆம்பியர் என்றால் 10 மில்லிவோல்ட் காட்டும். உங்கள் செட்டின் கையேட்டில் சொன்ன அளவு எதுவோ அதுவே சரி. மலையில் ஒரு எச்சரிக்கை: ஜனவரிக் காலையில், அறை 10 டிகிரியில் இருக்கும்போது, போட்ட உடனே பயாஸ் வைக்காதீர்கள். டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் வோல்ட்டேஜ் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் இறங்கும். இந்த இறக்கத்தை ஈடுகட்டும் பாகம் ஹீட்சிங்கில் சரியாக ஒட்டாமல் இருந்தால், செட் சூடானதும் பயாஸ் தானாக ஏறிக்கொண்டே போகும். அரை மணி ஓடவிட்டு, மூடியை வைத்துவிட்டு, மறுபடி அளந்து திருத்துங்கள்.

பியூஸ் விஷயம் சின்னது, ஆனால் சொல்லித்தான் ஆகவேண்டும். சிகரெட் அட்டையின் ஈயத்தாளைச் சுற்றிய பியூஸ் எனக்கு வருடம் ஒன்றாவது கிடைக்கிறது. 'டி' என்று தொடங்கும் எண் போட்டிருந்தால் மெதுவாக உருகும் வகை, அதையே வாங்குங்கள்.

ரிலே பிடிக்கவே இல்லை

'டிக்' சத்தம் வரவில்லை என்றால் உடனே ரிலேயைத் திட்டாதீர்கள். பெரும்பாலும் அது தன் வேலையைச் செய்கிறது: அவுட்புட்டில் டிசி இருக்கிறது, ஸ்பீக்கரைக் காப்பாற்றுகிறேன் என்கிறது. ரிலேக்கு முன்பக்கம், ஒவ்வொரு சேனலின் அவுட்புட்டிலும் டிசி அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. நூறைத் தாண்டினால் காரணம் தேடவேண்டும். பல வோல்ட் என்றால் அவுட்புட் போய்விட்டது, முந்தைய பகுதிக்குப் போங்கள். ரிலேயைக் கம்பி வைத்துத் தாண்டிவிடும் குறுக்குவழியால் ஸ்பீக்கர் காயில் எரிந்த வாசனை வந்த வீடுகள் பல.

டிசி சரியாக இருந்தும் பிடிக்கவில்லை என்றால், பாதுகாப்புச் சுற்றில் நேரம் கணக்கிடும் சின்ன எலக்ட்ரோலிடிக் வற்றியிருக்கலாம். குளிர் மாலையில் ஊர் முழுக்க கெய்சரும் ஹீட்டரும் போடும் நேரத்தில் மட்டும் பிடிக்க மறுத்தால், சுவர் சாக்கெட்டில் வோல்ட்டேஜை அளந்துவிடுங்கள். 180க்குக் கீழே இறங்கியிருந்தால் சில செட்டுகள் முரண்டு பிடிக்கும்.

காலையில் மட்டும் கோளாறு

போட்டதும் சடசட, ஒரு மணி நேரம் கழித்துத் தெளிந்துவிடும். மலையில் அடிக்கடி பார்க்கும் கோளாறு இது. இரண்டு காரணம்.

ஒன்று, பலகையின்மேல் படிந்த தூசிப்படலம் இரவு முழுக்கப் பனியை உறிஞ்சி மின்சாரத்தைக் கசியவிடுவது. செட் சூடானதும் காய்ந்துவிடும், மறுநாள் மறுபடி. பெயின்ட் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி, ஆல்கஹால் நனைத்த பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, ஒரு நாள் வெயிலில் காயவிடுங்கள். பெரிய கண்டென்சர்களின் அடியில், பலகையில் பிடித்து நிற்க ஊற்றிய பசை பழுப்பாகியிருக்கிறதா பாருங்கள். புதிதாக இருக்கும்போது வெளிர் மஞ்சள், ஒன்றும் செய்யாது. வயதாகிப் பழுப்பானால் ஈரம் பட்டதும் மின்சாரத்தைக் கடத்தும், பக்கத்துக் கால்களை அரிக்கும். முழுக்கச் சுரண்டி எடுங்கள். அதற்குள் மூழ்கியிருந்த டயோடு, ரெசிஸ்டரின் கால்களை இடுக்கியால் ஆட்டிப் பாருங்கள், கையோடு வந்துவிடும் சில.

இன்னொன்று, விரிசல் விட்ட ஈயம். எடையுள்ள, சூடாகும் பாகங்களின் காலைச் சுற்றி நூல் போல வளையம் தெரியும். பேனா முனை போன்ற மரக்குச்சியால் பலகையை அங்கங்கே தட்டினால் எந்த இடம் என்று செட்டே சொல்லிவிடும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு 60/40 ஈயத்தால் புதிதாகப் பற்றவையுங்கள். பழையதன்மேல் சூடுகாட்டுவது ஆறு மாதத்துக்குத்தான்.

திரும்ப வராமல் இருக்க

செட்டை வெளிச்சுவரை ஒட்டி வைக்காதீர்கள், மழையில் அந்தச் சுவர்தான் முதலில் வேர்க்கும். மேலே விரித்த குரோஷா துணியை எடுத்துவிடுங்கள். குளிர் ஊர், சூடு என்ன செய்யும் என்று நினைக்கலாம். ஆனால் 2,240 மீட்டரில் இருக்கும் ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சூட்டை எடுத்துச்செல்ல காற்றே கொஞ்சம்தான். அலமாரிக்குள் அடைத்த செட் இங்கேயும் வேகும். மேலே ஒரு சாண் இடம் விடுங்கள்.

கேமரா லென்ஸுக்கும் பட்டுப்புடவைக்கும் அலமாரியில் ஜீரோ வாட்ஸ் பல்பு எரியவிடும் பழக்கம் இங்கே உண்டல்லவா? பெயர்தான் ஜீரோ, குண்டு பல்பாக இருந்தால் 15 வாட் வரை சூடு தரும். பயன்படுத்தாத செட்டுக்கு மழை மாதங்களில் அதுவே போதும். வாரம் ஒருமுறை அரை மணி பாடவிட்டு, எல்லா பட்டனையும் சுவிட்சையும் நாலு தடவை போட்டு எடுத்தால் கறுப்பு படியாது. டேப் மானிட்டரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வேறு ஊரிலிருந்து குளிரில் வந்த செட்டை வீட்டுக்குள் கொண்டுவந்ததும் போடாதீர்கள். உள்ளே வேர்த்திருக்கும், மூன்று நான்கு மணி நேரம் பொறுங்கள்.

ஏப்ரல், மே கோடை மழைக்கு இடியும் கூடவே வரும். வானம் இருண்டால் பிளக்கை உருவுங்கள், ஆன்டெனா, கேபிள் வயரையும் சேர்த்து. மரம் விழுந்து கரண்ட் போய்த் திரும்பி வரும் அந்த முதல் நிமிடமும் ஆபத்தானது, வோல்ட்டேஜ் நிலைத்தபிறகு போடுங்கள். பின்பக்கக் காற்றுத்துளைகளுக்குக் கொசுவலைத் துண்டு ஒட்டலாம், பல்லி உள்ளே போய்ப் பவர் பலகையில் குறுக்கே படுத்துச் சாவது சகஜம். மாதம் ஒருமுறை வலையைத் தட்டித் தூசி எடுக்கவேண்டும், இல்லாவிட்டால் காற்றும் போகாது.

எல்லாக் கண்டென்சரையும் ஒரே நாளில் மாற்றும் ஆசை பற்றி. மாற்றவேண்டிய வயதான செட்டாகவே இருக்கட்டும், பத்துப் பத்தாக மாற்றி, ஒவ்வொரு தடவையும் சீரிஸ் லேம்பில் போட்டுப் பாருங்கள். அறுபதையும் மாற்றிவிட்டுப் போட்டதும் புகை வந்தால், எதைத் தலைகீழாகப் போட்டோம் என்று தேடவே ஒரு வாரம் ஆகும்.

மூடியை மூடும் முன் அதன் உள்பக்கம் ஒரு காகிதம் ஒட்டி, தேதி, மாற்றிய பாகங்கள், இரு பக்கமும் டிசி எவ்வளவு, பயாஸ் எவ்வளவு என்று எழுதிவிடுங்கள். அடுத்த வருடம் திறந்து அளக்கும்போது எண் நகர்ந்திருந்தால், டிரான்சிஸ்டர் சாவதற்கு முன்பே பிரிசெட்டைப் பிடித்துவிடலாம். பெரியவர் செட்டில் ஒட்டிய காகிதத்தில் இப்போது மூன்று வரி இருக்கிறது, மூன்றிலும் இடது பக்கம் 10, 10, 11 மில்லிவோல்ட்.

போன ஐப்பசியிலும் அவர் படியேறி வந்தார். கம்பளியைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பிரித்தால் உள்ளே கேசட் டெக்.

"பெல்ட் உருகி தார் மாதிரி ஆயிடுச்சு தம்பி. நீதானே டேப் மானிட்டரை வாரா வாரம் அமுக்கச் சொன்ன? சும்மா அமுக்குறதுக்கு, பாட்டுப் போட்டே அமுக்கலாம்னு பார்த்தேன்."